நடந்துகொண்டே எண்ணுதல்

“கழுவிட்டியா? அம்புட்டையும் கழுவிட்டியா?”

“வெளியூர்ல இருந்து ஒருத்தன் வர்றப்ப வாசலை அப்படியா போட்டு வைக்கிறது? சாணி ஒரு பக்கம்...”

“சாணியக் கழுவு, யாரு வேணாம்னா? என் நீலத்தை எதுக்குக் கழுவினே?”

“...சாணியும் நீலமும் ஒண்ணாத்தான கெடந்துச்சு! தண்ணிக்குத் தெரியுமா எது உன்னுது, எது மாட்டுதுன்னு?”

“தண்ணிக்குத் தெரியாது, தோர்ஃபி. குழாயப் பிடிச்சிருந்த கைக்குத் தெரியும்.”

“கை அது பாட்டுக்கு வேலையப் பாத்துச்சு. முப்பது வருசமாப் பாத்த வேலை...”

“எட்டு மாசம்! எட்டு மாசம் நான் விழுந்து விழுந்து வச்ச அடையாளம்!”

நான் முட்டைக் கூடையோடு பின்கதவு வழியாக உள்ளே போனபோது இரண்டு பேரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ராக்னா அடுப்போரம் நாற்காலியில் இருந்தாள். கைத்தடி மடியில் குறுக்கே கிடந்தது. அவள் புருசன் தோர்ஃபின் ரப்பர் பூட்ஸோடு கதவு நிலையில் நின்றான். இடுப்புக்குக் கீழே அவன் முழுக்க நனைந்திருந்தான். பனிக்காலத்துச் சாணத்தைப் பீய்ச்சிக் கழுவுகிற எந்திரம் வெளியே இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

சன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தேன். ஸ்கெல்வா பண்ணையின் முற்றம் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. சிமெண்டுத் தரை தட்டைக் கழுவிக் கவிழ்த்ததுபோலப் பளபளத்தது. ஒரு புள்ளி நீலம் இல்லை.

அந்த நீலம், ஊசி போட்ட மாட்டுக்கு முதுகில் அடையாளம் வைக்கும் சாயம். டப்பாவை அழுத்தினால் புஸ்ஸென்று பீச்சும். போன ஜூலையில் ராக்னாவின் காரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அதற்கு மறுநாளிலிருந்து அவள் அந்த டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். எங்கே விழுகிறாளோ அங்கே, எழுந்திருக்கும் முன்பே, ஒரு நீலம். கோழிக்கூண்டு வாசலில் இரண்டு. டீசல் தொட்டி பக்கத்தில் ஒன்று. தொழுவத்து நடையில் ஏழோ எட்டோ. முற்றத்தில் மட்டும் முப்பத்தொன்று. யாராவது வந்து “நடை எப்படி இருக்கு?” என்று கேட்டால் வாய் திறக்காமல் தடியால் முற்றத்தைக் காட்டுவாள். தோர்ஃபினுக்கு அது அவமானம். சர்ச்சுக்குப் போகிற வழியில் சனங்கள் காரை மெதுவாக்கிப் பார்த்தார்கள்.

“கிளெட்டக்கா, நீங்களே சொல்லுங்க” என்றான் என்னைப் பார்த்து. கிளெட் என்பது என் பண்ணை. இடையில் ஒரு கல்சுவரும் ஒரு டர்னிப் வயலும்தான். “ஆள் வர்ற நாள்ல வாசலைக் கழுவுறது குத்தமா?”

நான் என்ன சொல்வது? அந்த ஆள் என் வீட்டுக்கு வரவில்லை. ஆனாலும் அன்று காலை எழுந்ததும் என் அடுப்படியை மண்டியிட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தீவுக்கு வெளியாள் வருகிறான் என்றால் எங்களுக்குக் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும்.

“கழுவினது தப்பில்ல” என்றேன். “இன்னைக்குக் கழுவினதுதான் தப்பு.”

“கேட்டியா?” என்றாள் ராக்னா.

“அப்ப போன தடவை நீ செஞ்சது?” அவன் விடவில்லை. “கேட்டைத் தொறந்துவிட நீ போனியே, அது? உன்னை யாரு போகச் சொன்னா?”

அது அவளுக்கு ஆறாத புண்.

இந்த ஆர்க்னித் தீவுகளில் எம்.எஸ். என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய். உலகத்தில் வேறெங்கேயும்விட எங்களிடம் அதிகம் என்கிறார்கள். ராக்னாவுக்கு வந்து பன்னிரண்டு வருசம். கால் இழுக்கும், கண் மங்கும், மத்தியானத்துக்கு மேல் உடம்பு ஈரச் சாக்காகிவிடும். நடக்க முடியாதவர்களுக்கு அரசாங்கம் கையாலேயே ஓட்டுகிற கார் ஒன்று கொடுத்து வைத்திருந்தது. அந்தக் காரில்தான் அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் போய்ச் சூப் கிண்டினாள், கடற்கரை வயலில் மாடு பார்த்தாள், அம்மாவின் கல்லறைக்குப் போனாள்.

ஜூலையில், இன்னும் கார் வேண்டுமா என்று சோதிக்க தெற்கேயிருந்து ஹார்கிரேவ் என்று ஒருத்தன் வந்தான். கேட் வாசலில் நின்று ஹாரன் அடித்தான். முற்றத்தில் கன்றுகள் அவிழ்ந்து திரிந்தன. தோர்ஃபின் பின்பக்கம் இருந்தான். வந்தவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைப்பது இந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். ராக்னா வேலிக்கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போனாள். கேட்டைத் திறந்தாள். சிரித்தாள். “வாங்க வாங்க, காத்து பலமா இருக்கு” என்றாள். திரும்பி வந்து வாற்கோதுமை ரொட்டி சுட்டு, பாலாடைக்கட்டி வெட்டி, டீ ஊற்றினாள். அவன் போன பிறகு இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

அறிக்கையில் அவன் எழுதியிருந்தான்: ‘துணையின்றி ஏறத்தாழ அறுபது மீட்டர் நடந்தார். கனமான கேட்டைத் திறந்தார். உரையாடியபடியே திரும்பினார். விருந்தோம்பினார்.’ கீழே, நடை: நன்று. சிந்தனை: நன்று.

கார் போயிற்று. அதற்குப் பிறகு ராக்னா பண்ணையை விட்டு வெளியே போனது நான்கு தடவை. நான்கு தடவையும் டிராக்டரின் முன்கொப்பரையில். தீவனம் அள்ளுகிற கொப்பரையில் ஒரு சாக்கை விரித்து, அவளை உட்காரவைத்து, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தி, தோர்ஃபின் படகுத்துறைக்கு ஓட்டிப் போவான். பெரிய தீவில் இருக்கிற கிர்க்வால் ஆஸ்பத்திரிக்கு. வழியில் எதிர்ப்படுகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் எழுதிப் போட்டாள். மறுபடி எழுதிப் போட்டாள். கடைசியில் மறுசோதனைக்கு நாள் வந்தது. மார்ச் இரண்டாம் வாரம், புதன்கிழமை. வருவது அதே ஹார்கிரேவ். கூட ஒருவர் சாட்சியாக இருக்கலாம் என்று கடிதத்தில் போட்டிருந்ததால் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

“மணி பதினொண்ணு” என்றேன். “படகு பத்துக்கே வந்திருக்கணுமே. ஆளைக் காணோம்?”

தோர்ஃபின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

“நடந்து வர்றான்” என்றான்.

“துறையில இருந்தா? மூணு மைலு!”

“எரிக் பொண்டாட்டி டாக்சிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல. டாக்சிக்குத்தான், அவளுக்கில்ல. மத்தவங்க யாரும் ஏத்த மாட்டாங்க. நேத்தே எல்லாருக்கும் போன் போட்டுட்டேன்.” சன்னலுக்கு வெளியே தென்கிழக்குக் காற்று ஆலங்கட்டித் தூளை வீட்டுச் சுவரில் விசிறிக்கொண்டிருந்தது. “நடக்கட்டும். நடை நன்றுன்னு எழுதினானில்ல? நன்றா நடந்து வரட்டும்.”

எங்கள் தீவில் ரோட்டில் ஒருவன் நடந்து போனால் வண்டி நிற்கும். அவன் வேண்டாம் என்றாலும் நிற்கும். அன்று பதினொரு வண்டிகள் ஹார்கிரேவைத் தாண்டிப் போயின என்று பிறகு கணக்குக் கேட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லாமல் ஒருத்தரும் போகவில்லை. அந்த மரியாதையை மட்டும் யாராலும் விட முடியவில்லை.

ராக்னா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அது உன் பழி, தோர்ஃபி. அதை நீ வாங்கிக்க. எனக்கு வேற இருக்கு.” என்னிடம் திரும்பினாள். “அக்கா, அந்தக் கெட்டிலை அடுப்புல இருந்து எறக்கி வைங்க.”

“அவன் நனைஞ்சு வருவானே, புள்ள” என்றான் தோர்ஃபின்.

“டீ கெடையாது.”

“ஒரு டீ...”

“இந்த வீட்டுல அவனுக்கு டீ கெடையாது. ரொட்டி கெடையாது. போன தடவை குடிச்ச டீயைத்தான் எனக்கெதிரா எழுதி வச்சான்.”

தோர்ஃபின் என்னைப் பார்த்தான். நான் கெட்டிலை இறக்கினேன். என் ஐம்பது வருச வாழ்க்கையில் இந்தத் தீவில் ஒரு வீட்டுக்கு வந்தவன் டீ இல்லாமல் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆளை மூன்று மைல் நடக்கவிட்டவனுக்கே அது பெரிய கொடுமையாகத் தெரிந்தது.

பதினொன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. கேட்டை அவனே திறந்துகொண்டு வந்திருந்தான். நல்ல தோல் ஷூ, ஊறிப்போய் இரண்டு செத்த மீன்கள் மாதிரி இருந்தது. மூக்கு சிவந்திருந்தது. தோள்பையை மட்டும் கோட்டுக்குள் வைத்து நனையாமல் காப்பாற்றியிருந்தான்.

“மன்னிக்கணும், தாமதமாயிடுச்சு. வண்டி எதுவும் கிடைக்கலை.”

“அப்படியா?” என்றான் தோர்ஃபின். “அதிசயமா இருக்கே.”

சொல்லிவிட்டு அந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? குனிந்து அவன் காலுறையை வாங்கிப் பிழிந்து அடுப்புக் கம்பியில் காயப்போட்டான். கை பழகிய பழக்கம். ராக்னா பார்த்த பார்வையில் பிறகுதான் நிமிர்ந்தான்.

“தோர்ஃபி, அந்த நாற்காலியில உக்காரு” என்றாள் அவள். “ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது.”

“எதுக்கு?”

“போன தடவை வீட்டுக்குள்ள இவர் முன்னாடி நான் நடந்து காட்டினப்ப என் முழங்கைக்குக் கீழ உன் கை இருந்துச்சு. இவர் கண்ணுக்கு அது படலை. நீயும் சொல்லலை. உக்காரு.”

உட்கார்ந்தான். ஆறடி ஆள், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி கையை அடியில் வைத்துக்கொண்டு.

ஹார்கிரேவ் வெறுங்காலோடு வேலையைத் தொடங்கினான். வீட்டு நடைவழியில் ஏழரை மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் ஒட்டுநாடா ஒட்டினான். கையில் ஓட்டக் கடிகாரம். “முடிஞ்ச அளவு வேகமா, ஆனா பத்திரமா.” ராக்னா தடியூன்றி நடந்தாள். வலது பாதம் தரையைச் சுரண்டியது. பத்து வினாடி. மறுபடி ஒரு தடவை. பத்தரை. எழுதிக்கொண்டான்.

பிறகு மேசைக்கு வந்தார்கள். ஒரு தாளில் வரிசை வரிசையாக வட்டம், கொக்கி, சிலுவை மாதிரி குறிகள். மேலே எந்தக் குறிக்கு எந்த எண் என்று ஒரு கட்டம். ஒன்றரை நிமிடத்தில் எத்தனை குறிக்கு எண் சொல்கிறாள் என்று பார்ப்பது. அவள் அடுப்புச் சூட்டில் சாய்ந்து, மூச்சு வாங்காமல், வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். மூளைக்காரி. பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு டீச்சரையே திருத்தியவள்.

“நல்லாச் செஞ்சீங்க” என்றான் அவன்.

“என்ன எழுதப் போறீங்க?”

“அதை இப்ப சொல்லக் கூடாது...”

“நான் சொல்றேன். நடை: நன்று. சிந்தனை: நன்று. சரியா?”

அவன் பேனாவைப் பார்த்தான்.

“சார், உங்க தாள்ல என் காலு ஒரு பக்கத்துல இருக்கு, தலை இன்னொரு பக்கத்துல இருக்கு. எங்கிட்ட ரெண்டும் ஒரே உடம்புல இருக்குது. ரெண்டையும் ஒண்ணாச் சோதிச்சுப் பாருங்க.”

“அதாவது?”

“நடந்துக்கிட்டே எண்ணச் சொல்லுங்க. கிர்க்வால் நர்ஸம்மா அப்படித்தான் பாப்பாங்க. நூறுல இருந்து ஏழேழாக் குறைச்சுக்கிட்டே நடன்னு.”

“ஆஸ்பத்திரியில அப்படிப் பார்க்கறது உண்டு” என்றான் மெதுவாக. “நல்ல சோதனைதான். ஆனா எங்க தாள்ல அதுக்குக் கட்டம் இல்லை.”

“மாட்டுக்கும் உங்க கட்டம் தெரியாது, சார். நான் தொழுவத்துல கிடாரியை எண்ணிக்கிட்டேதான் நடக்கணும். உக்காந்துக்கிட்டு எண்ணினா அதுங்க போயிரும். ஓரத்துல எழுதுங்க. ஓரம் காலியாத்தான கெடக்கு?”

அவன் தன் வெறுங்காலைப் பார்த்தான். அப்புறம் கடிகாரத்தை எடுத்தான். “நான் பக்கத்துலேயே நடந்து வரலாமா? விழுந்தாப் பிடிக்க?”

“கூடாது. நான் விழறதை நீங்க இது வரைக்கும் பாத்ததில்ல.”

அவள் நாடாவில் நின்றாள். “நூறு.”

ஒரு அடி. “தொண்ணூத்து மூணு.” இன்னொரு அடி. “எண்பத்தாறு.” பாதம் சுரண்டிற்று. “எழுபத்து...” கால் நின்றது. “எழுபத்தொம்பது.” கால் நகர்ந்தது, எண் நின்றது. அவள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எண் வந்தால் கால் மறக்கிறது. காலை நினைத்தால் எண் உதிர்கிறது. தோர்ஃபின் நாற்காலி கிறீச்சிட்டது. “கையை எடுக்காதே!” என்று அவள் திரும்பாமலே கத்தினாள். அந்த ஒரு கத்தலில்தான் போயிற்று. “எழுபத்து ரெ...” வலது முட்டி மடிந்து, தடி ஒரு பக்கம் பறந்து, ஆள் பக்கவாட்டில் அப்படியே சரிந்தாள். தோள் சுவரில் மோதியது.

நான் ஓடினேன். ஹார்கிரேவ் ஓடினான். தோர்ஃபின் மட்டும், முகம் சுண்ணாம்பாகி, கையை அடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

“தொடாதீங்க” என்றாள் அவள் தரையிலிருந்து. சட்டைப் பையில் துழாவி டப்பாவை எடுத்தாள். புஸ். நடையின் வெள்ளை விரிப்பில், ஹார்கிரேவின் கட்டைவிரலுக்கு நாலு விரற்கடை தள்ளி, ஒரு நீலம். அவன் கால்நகத்திலும் கொஞ்சம் தெறித்தது.

“முப்பத்தொண்ணு வெளிய இருந்துச்சு. என் புருசன் உங்களுக்காகச் சுத்தம் பண்ணிட்டாரு. இதையாவது எழுதிக்கங்க.”

அவன் எழுதினான். நின்றபடியே சுவரில் தாளை வைத்து நீளமாக எழுதினான். முடித்ததும் அவன் குரல் மாறியிருந்தது. “அம்மா, போன தடவை நான் இதைக் கேட்டிருக்கணும்.”

“ஆமா. கேட்டிருக்கணும்” என்றாள். மன்னிப்பு கேட்க அவன் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

நானும் அவனும் சேர்ந்து அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தோம். “இனிமே எடுக்கலாம்” என்றாள் தோர்ஃபினிடம். அவன் கையை எடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டான். மரத்துப்போயிருக்கும்.

“இன்னும் ஒரு கட்டம்தான்” என்றான் ஹார்கிரேவ். “போன தடவை முடிவு இதுலதான் சாஞ்சது. ‘விழுந்தால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உதவிக்கு ஆள் உண்டா?’ அன்னைக்கு நீங்க, சார், எப்பவும் பக்கத்துலதான் இருப்பேன்னு சொல்லியிருக்கீங்க.”

“அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது” என்றான் தோர்ஃபின்.

“ஆள் இருக்கு, கூப்பிட்டா கேட்கும்னா ‘உண்டு’ன்னு போடணும். ‘இல்லை’ன்னு வந்தா, இப்ப எழுதினதோட சேர்த்து, கார் திரும்பி வந்துடும். அநேகமா ஒரு மாசத்துல.” அவன் எங்கள் மூவரையும் பார்த்தான். கேள்வியை இந்தப் பக்கம் சாய்த்துக் கொடுக்கிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

தோர்ஃபின் பிடித்துக்கொண்டான். “இல்லை. கேக்காது, சார். எழுதிக்கங்க. சனவரியில தொழுவத்துல விழுந்து நாப்பது நிமிசம் கெடந்தா. நான் வெளிய கேட்டுப் பக்கம்தான் நின்னேன். எனக்குக் கேக்கவே இல்லை. காத்து. இங்க காத்துதான் உங்களுக்குத் தெரியுமே, நடந்து வந்தீங்கல்ல. வாய்ப்பேச்சு வாயை விட்டு வெளிய போகாது.”

பேனா தாளைத் தொடப் போயிற்று.

“எழுதாதீங்க” என்றாள் ராக்னா.

“ராக்னா!”

“சார், அந்த நாளை நான் சொல்றேன், கேட்டுக்கிட்டு அப்புறம் எழுதுங்க. பதினாறு கிடாரி. நடையில எண்ணிக்கிட்டே போனேன். பதினொண்ணுல கால் போச்சு. மல்லாக்க விழுந்தேன், தலை சாக்கடையோரம். கிடாரிங்க கம்பிக்கு மேல இருந்து என் முகத்துல மூச்சு விட்டுச்சு. கதவு தொறந்துதான் இருந்துச்சு. கேட்டுல ரெண்டு பேர் பேசறது எனக்குக் கேட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. உறைஞ்ச குழாயை இளக்க நெருப்புவிளக்கு கேட்டு வந்திருந்தாங்க ஒருத்தங்க. ‘ராக்னா எப்படி இருக்கா?’ன்னு கேட்டாங்க. இவரு ‘மோசமில்ல’ன்னு சொன்னாரு.”

விளக்கு கேட்டுப் போய் நலம் விசாரித்தது நான்தான். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதுதான் பதில். சாகக் கிடப்பவனைக் கேட்டாலும் மோசமில்லை என்பான். நான் அதை வாங்கிக்கொண்டு, விளக்கையும் வாங்கிக்கொண்டு போனேன்.

“அது ஒரு வழக்கத்துல வர்ற வார்த்தை, புள்ள” என்றான் தோர்ஃபின்.

“தெரியும். வார்த்தையைப் பத்தி நான் கேக்கலை. அதுக்கு முன்னாடியே மூணு தடவை கூப்பிட்டேன். அதுக்குப் பின்னாடி ரெண்டு தடவை கூப்பிட்டேன். அக்கா, நீங்க சாட்சிக்கு வந்திருக்கீங்க. அன்னைக்குக் காத்து இருந்துச்சா?”

குழாய் உறைகிற நாளில் காற்று இருக்காது. அன்று என் வீட்டுப் புகை நூல் பிடித்தமாதிரி நேராக மேலே போயிற்று. கடல் தகடாகக் கிடந்தது. அப்படி ஒரு நாள் எங்களுக்கு வருசத்தில் நான்கைந்துதான் வரும், மறக்காது.

“இல்ல” என்றேன். “காத்து இல்ல.”

சொல்லிவிட்டேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. அன்று கேட்டில் நின்றபோது தொழுவத்திலிருந்து எனக்கும் ஏதோ கேட்டது. கிடாரி கத்துகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இந்த நாள்வரை எனக்கு நானே சொல்லிவருகிறேன். தோர்ஃபின் அப்போது தொழுவத்துப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பினான். திருப்பி, என்னைப் பார்த்து, குழாயைப் பற்றித் தொடர்ந்து பேசினான். பக்கத்து வீட்டுக்காரி முன்னால் பெண்டாட்டியைச் சாணத்திலிருந்து தூக்க ஒருத்தனுக்குக் கூச்சமாக இருந்திருக்குமா? இருந்திருக்கும். அப்படிப்பட்ட ஊர்தான் இது.

ஹார்கிரேவ் பேனாவை மூடி, மறுபடி திறந்தான். “அம்மா, ஒண்ணு யோசிங்க. உங்க கணவர் கேக்கலைன்னு சொல்லிட்டார். அவர் சொன்னதை அப்படியே நான் எழுதினா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. கார் வந்துடும். அவருக்குக் கேட்டுதுன்னு வந்தா, கேட்கும் தூரத்துல ஆள் உண்டுன்னு ஆயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

“எனக்குப் புரியுது, சார்.”

“மறுபடி டிராக்டர்தான் உங்களுக்கு.”

“கொப்பரையில உக்காந்து போனது நான். அது எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்ல வேணாம்.”

“சொல்லிட்டேனே, கேக்கலைன்னு!” தோர்ஃபின் எழுந்துவிட்டான். “உனக்குக் கார் வேணுமா வேணாமா? நான் உனக்காகத்தான் சொல்றேன். சார், எழுதுங்க!”

“எனக்காகவா?” அவள் குரலை உயர்த்தவில்லை. விழுந்த தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள். வலியில் நெற்றி வியர்த்திருந்தது. எட்டு மாதத்தில் அவ்வளவு தெளிவாக அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. “இவருக்கு நடையக் காட்டணும்னு மட்டும் நான் இந்தச் சோதனையக் கேட்டு வாங்கலை, தோர்ஃபி. உன்னை ஒரு தாளுக்கு முன்னாடி உக்கார வைக்கணும்னுதான் வாங்கினேன். வீட்டுல கேட்டா எந்திரிச்சுத் தொழுவத்துக்குப் போயிடுற.”

அடுப்புக் கம்பியில் காலுறை சொட்டி ஆவியானது. வெளியே அந்த எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஹார்கிரேவின் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

“கார் கெடக்கட்டும்” என்றாள் ராக்னா. “அஞ்சு தடவை கூப்பிட்டேன். உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?”